நியூசிலாந்து வழியே அருக்காணி

மரக்காணத்தில் கண்ணாயிரத்தின் உப்பை மழையிலிருந்து காப்பாற்றியது நியூசிலாந்து நாடு. அந்த நாட்டுக்கு இன்னும் யாரும் மாலை போடவில்லை.

நான் லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன். கூனிமேட்டில் என் மாடியில் ஒரு ஏரியல் நிற்கிறது. விமானங்கள் அதைப் பார்த்துத்தான் ஒதுங்கிப் போகின்றன. வாக்கிடாக்கியில் பேசினால் என் வீட்டு ரேடியோ அதைப் பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றும். எந்தெந்த நாட்டிலோ இருக்கும் ரேடியோக்காரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்த மாதிரி கேட்பார்கள். வெளியூர் போனால் போனில் ஒரு ஆப் வழியாக நானும் அந்த அறைக்குள் நுழைவேன்.

இதை நம்பாத ஒரே ஆள் உப்பளக்காரர் கண்ணாயிரம். "உள்ள எவனையோ ஒக்கார வச்சிப் பேச வுடுறாரு பாய்," என்று என்னைப் பற்றி டீக்கடையிலேயே சொன்னவர்.

எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க அவர் உப்பளத்துக் கொட்டகையில் ஒரு வாக்கிடாக்கி வைத்தேன். பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம் என்று அவர் மனைவி அருக்காணிக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் பழைய மோட்டார் ஒன்றைப் பார்க்க நாங்கள் இருவரும் இரும்பை கிராமத்துக்குப் போனோம். மோட்டார்காரர் வரத் தாமதம். கண்ணாயிரத்தைச் சீண்டலாமென்று ஆப்பைத் திறந்தேன்.

அந்த ரேடியோ அறையில் இருந்த நியூசிலாந்துக்காரர் டெரிக் பாய்ந்து வந்தார். என் வீட்டு ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண்மணி வெகு நேரமாக முழங்குகிறாராம். மொழி புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் பயந்திருக்கிறார்களாம்.

அவர் முடிப்பதற்குள் அருக்காணியே வந்துவிட்டார்.

"பாய்! யாராவது கேக்குறீங்களா? மேகம் கருகருன்னு வருது. தார்ப்பாய் ரூமு பூட்டியிருக்குது. சாவி அந்த ஆளு இடுப்புல. என் போன் செத்துப்போச்சு!"

கண்ணாயிரம் இடுப்பைத் தொட்டார். சாவி இருந்தது. இமயமலைக்குத் தம்பி மாதிரி ஒரு உப்புக் குவியல் அங்கே திறந்து கிடந்தது. அந்தப் பருவத்து உப்பு முழுக்க அதுதான்.

"பக்கத்து அளத்துக்குப் போன் போடுங்க பாய்."

"நம்பர்?"

"என் போன்ல இருக்குது."

"உங்க போன்?"

"வீட்டுல."

"அப்ப இதுல பேசுங்க."

என் போனைப் பாம்பை வாங்குவது போல வாங்கினார். "அருக்காணி... பூட்ட ஒடச்சிடு."

"எதை? புதுசா வாங்கி ஊரெல்லாம் காட்டினியே, அதையா?"

"அதத்தான்."

பட்டன் அருக்காணி கையில். சாவியில் தொடங்கி, தன் தம்பி கல்யாணத்தில் இவர் சாப்பிடாமல் எழுந்து போனது வரை திட்டித் தீர்த்தார். நடுவில் இவர் கத்தியது எதுவும் அங்கே போகவில்லை. ஐந்து கண்டங்களும் மரியாதையாகக் காத்திருந்தன. பட்டன் விடுபட்டதும் கண்ணாயிரம் சொன்னார்: "சரிம்மா. தப்புதாம்மா. ஒடைம்மா."

"ராஜர்," என்றார் டெரிக். ரேடியோ பாஷையில் 'கேட்டது' என்று அர்த்தம்.

கண்ணாயிரம் அப்போதுதான் வந்த மோட்டார்காரரை, மோட்டாரைப் பார்க்காமலே திருப்பி அனுப்பினார். கடைசியில் போன் கரகரத்தது. "மூடியாச்சு. கேட்டுக்கோய்யா." தார்ப்பாய் மேல் மழை விழும் சத்தம். டெரிக் கைதட்டினார். அவர் வீட்டு ஆடுகளும் தட்டின.

மறுநாள் டீக்கடையில் இதை நான் சொன்னபோது பெஞ்சில் இருந்த பக்கிரி டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தான். "பாய், இன்னிக்கு ரொம்ப ஓவரு. ஏண்ணே கண்ணாயிரண்ணே, நீங்களே சொல்லுங்க, நடந்துச்சா இது?"

கண்ணாயிரம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நடந்துச்சுப்பா. நான் பொண்டாட்டிகிட்ட தப்புன்னு ஒத்துக்கிட்டத அஞ்சு நாட்டுக்காரன் கேட்டிருக்கான். இனிமே நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"