அழுகையை முதலில் எடுத்துவிடுவோம்

1

இந்தக் கதை ஒரு பாராட்டு மலருக்காகத் தொடங்கப்பட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தொலைக்காட்சி நிலையம் தன் மூத்த தொகுப்பாளருக்கு விழா எடுத்தது. மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். பெயரடைகளை அவர்களே அனுப்பியிருந்தார்கள்: ஒப்பற்ற, ஈடற்ற, நிகரற்ற. வினைச்சொற்கள் மட்டும் என் பொறுப்பு. மூன்றும் ஒன்றுதானே என்றேன். "பக்கம் நிரம்பணும்ல சார்" என்றார்கள்.

கட்டுரைக்கு உண்மை வேண்டியிருந்தது. அதைத் தர யாருக்கும் மனமில்லை. ஆகவே கதையாக்கிவிட்டேன். (மலர் அச்சாகி வந்துவிட்டது. எனக்கென ஒதுக்கிய பக்கத்தில் சிமெண்ட் விளம்பரம். பெயரடைகள் வீண்போகவில்லை: ஒப்பற்ற சிமெண்ட்.)

2

முதல் வரியை இப்படி எழுதினேன்:

கலையுலகின் கலங்கரை விளக்கமாக நின்று

நிறுத்தினேன். கலங்கரை விளக்கம் ஓரிடத்தில் நிற்கும். இவர் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. அடுத்து:

சிறு வயதிலேயே அவருக்குள் ஒரு கலைஞன்

இதுவும் தேறாது. சிறு வயதில் அவருக்குள் இருந்தது குடல்புழுதான் என்று அவருடைய அக்கா அடித்துச் சொல்கிறார்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நிலையத்தில் அவருக்குப் பெயர் 'சகலம்'. வானிலை வாசிக்க வந்தவர். ஒரு நாள் பாட்டுப் போட்டிக்கு நடுவர் வரவில்லை, இவர் நடுவரானார். இன்னொரு நாள் பாடகர் வரவில்லை, பாடினார். நடனக்காரருக்குக் கால் சுளுக்கியது, ஆடினார். நாலு பேர் குரலில் பேசுவார். நாணயத்தைக் காதுக்குப் பின்னாலிருந்து எடுப்பார். சமையல் நிகழ்ச்சியில் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடி, உப்பு கச்சிதம் என்பார்.*

ஆக, வராதவர்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய வாழ்க்கை அது.

* உப்பு ஒரு நாளும் கச்சிதமாக இருந்ததில்லை.

3

இங்கே எனக்கே என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இந்த மனிதருக்கு உண்மையில் என்னதான் தெரியும்? பாட்டு சுமார். ஆட்டம், கீழே விழவில்லை என்ற அளவில் வெற்றி. கைக்கு வந்ததையெல்லாம் செய்தவரைப் 'பன்முகக் கலைஞர்' என்று சொல்லி மாலை போடுவது நம் வழக்கம். எந்த முகம் நன்றாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அவர் மனைவியிடம் கேட்டேன். பல் மருத்துவர். தங்கள் குடும்பத்துக்கே வாய்தான் பிழைப்பு என்று சொல்லிக்கொள்பவர்.

"பாட்டெல்லாம் சும்மா. எதிர்ல நிக்கிறவங்க பேசும்போது நல்லாக் கேப்பார். அது நிஜம்."

"வீட்டிலேயும் அப்படித்தானா?"

"வீட்டுல கேமரா இல்லையே."

4

விழா நாள். தன் விழாவைத் தொகுத்து வழங்கும் வேலையும் சகலத்துக்கே வந்திருந்தது. வேறு யாருக்கும் அது சரியாக வராதாம்.

படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி பிறகுதான் நடக்கும். பார்க்க வந்தவர்கள் சிரிப்பதையும் அழுவதையும் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். நேரமானால் சனம் சோர்ந்துவிடும், சோர்ந்த முகத்தில் உருக்கம் நிற்காது.

மேடைத் தட்டிக்குப் பின்னால் சகலம் டையை முடிந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் தள மேலாளரின் குரல் கேட்டது.

"சிரிப்பு போதும். இப்ப லேசா அதிர்ச்சி. ம். இப்ப கண்ணு கலங்கணும். மூணாவது வரிசை அண்ணே, கொட்டாவி விடாதீங்க."

"கொட்டாவி விட்டாத்தான் தம்பி எனக்குக் கண்ணுல தண்ணி வரும்."

"சரி, வாயை மூடிக்கிட்டு விடுங்க. மேடம், நீங்க முதல் வரிசை, குளோசப். கைக்குட்டையால கண்ணோரம் ஒத்தினாப் போதும்."

"எதுக்கு?" பல் மருத்துவரின் குரல்.

"சார் ஓய்வு பெறுறதா அறிவிக்கிறார்ல, அதுக்கு."

"எந்த சார்?"

"உங்க சார்தான் மேடம்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"சர்ப்ரைஸா வச்சிருப்பார்."

"அவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

தள மேலாளர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். யார் எந்த நொடியில் அழவேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவரிடம் யார் சொல்வது என்பது மட்டும் இல்லை.

தட்டிக்குப் பின்னால் டை பாதி முடிச்சில் நின்றது. அந்தப் பக்கம் ஒரு கூட்டமே அவருக்காக அழுது பழகிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, நன்றாகவே அழுகிறார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. தொழில் புத்தி. ஓய்வு தனக்குத்தான் என்பது உறைத்தது அதற்குப் பிறகுதான்.

5

நிலையத் தலைவர் ஒப்பனை அறைக்கு ஓடிவந்தார்.

"சார், நீங்க ஒரு சகாப்தம். சகாப்தம்னா ஒரு இடத்துல முடியணும் இல்லையா? ஆயுட்கால நல்லெண்ணத் தூதர்னு பதவி தர்றோம்."

"அதுல என்ன வேலை?"

"அதான் சார் அதோட அழகே. ஒரு வேலையும் கிடையாது."

"எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

"கேமரா முன்னாடி ஓடுற எழுத்துலயே வரும் சார். நீங்கதான் வர்றதை அப்படியே படிச்சிடுவீங்களே."

அது உண்மை. ஒருமுறை எழுத்துத் திரையில் 'இங்கே சிரிக்கவும்' என்று தவறுதலாக ஓடியதை அதே கம்பீரத்தோடு படித்தவர் அவர்.

தலைவர் போனதும் மனைவி உள்ளே வந்து பாதி முடிச்சைச் சரிசெய்தார்.

"எனக்கு எதுவும் உருப்படியா வராதுன்னு இவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு போல" என்றார் சகலம். "விட்டுடவா?"

"பல்லைப் பிடுங்கிடுங்கன்னு வர்றவங்ககிட்ட நான் ஒண்ணுதான் கேப்பேன். வலிக்குதா?"

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குது."

"அப்ப உயிர் இருக்கு. பிடுங்க வேண்டாம்."

"படிக்கலைன்னா நாளையிலேருந்து கூப்பிடவே மாட்டாங்க."

"படிச்சா மட்டும்?"

6

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

(அ) படித்துவிடுகிறார். முன்பே எடுத்த கண்ணீரை ஒட்டுகிறார்கள். எல்லாம் கச்சிதம், அந்த உப்பைப் போல.

(ஆ) மைக்கை வீசி எறிந்து, "கலைஞனுக்கு ஓய்வு கிடையாது" என்று முழங்குகிறார். அரங்கமே எழுந்து

இல்லை. இவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மைக்கை எறிகிறவராக இருந்தால் வானிலை வாசிக்கும்போதே எறிந்திருப்பார்.

(இ) மாரடைப்பு. (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

7

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

படப்பிடிப்பு தொடங்கியது. சகலம் ஆடினார், பாடினார், நாணயத்தை மறைத்தார். கடைசியில் எழுத்துத் திரையில் அந்த வரி ஏறிவந்தது: இத்துடன் உங்களிடமிருந்து நிரந்தரமாக விடைபெறுகிறேன்.

அவர் படிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. சும்மா நின்றார். மேடையில் அவர் சும்மா நின்று யாரும் பார்த்ததில்லை என்பதால், இதுதான் இடம் என்று நினைத்துக் கூட்டம் ஒழுங்காக அழத் தொடங்கியது.

அவர் படியிறங்கி மூன்றாவது வரிசைக்குப் போனார்.

"அண்ணே, எதுக்கு அழறீங்க?"

"அழச் சொன்னாங்க சார்."

"நல்லா அழறீங்க. யாரை நினைச்சுக்கிட்டு?"

அந்த மனிதர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "என் லாரியை" என்றார். "போன மாசம் வித்துட்டேன் சார். புது ஆள் கியரைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் போடுறான். தெருவுல போகும்போது அது கத்துறது கேக்குது."

சிரித்தார்கள். தாளில் இல்லாத சிரிப்பு. லாரிக்காரரும் சிரித்தார், அப்புறம் கொட்டாவி இல்லாமலேயே அவருக்குக் கண் நிறைந்தது. சகலம் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். லாரிக்காரர் இன்னும் கொஞ்சம் பேசினார். பக்கத்தில் இருந்த பெண் தானாகவே கையை நீட்டினார். தனக்கும் ஒன்று சொல்ல வேண்டுமாம்.

மேலே கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் கேட்டார்: "சார், நிறுத்திடவா?"

தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவரைப் படைத்தவன் நான், என்ன சொன்னார் என்று ஒரு வரியில் எழுதிவிட முடியும். முழுவதையும் எழுதப்போவதில்லை. "இருப்பா, அந்தம்மா சொல்லி முடிக்கட்டும்" என்ற அளவுக்குத்தான் எனக்குக் கேட்டது. அதற்குள் சகலம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வெட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் பேசுகிறவர் தீர்ந்தால் நிகழ்ச்சியும் தீர்ந்தது.

மைக் இப்போது உங்கள் வரிசைக்கு வந்திருக்கிறது. அவர் கொஞ்சம் குனிந்து, உங்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அவருக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

சொல்லுங்கள்.