நேசமலரின் கூறை

என் மனைவி நேசமலர் என்னை "ஐயா" என்று கூப்பிடத் தொடங்கியது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகுதான். கல்முனையெல்லாம் ஓடு பறந்தது. எங்கள் வீட்டு ஓடு தப்பியது, அவளுடைய ஞாபகம் பறந்துவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் நாற்பது வருசமாக "இஞ்சப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்ட ஒரே குரல் அவளுடையது. இப்போது அவள் நினைப்பில் தான் கலியாணம் பேசி முடித்த குமர்ப்பிள்ளை. நான் யாரோ ஒரு கிழவன்.

பின்னேரமானால் பூச்சூடிக்கொண்டு தெருவாசல் படலையடியில் போய் நிற்பாள்.

"ஐயா, மாப்பிள்ளை இன்னும் கூறைச்சாறி கொண்டு வரல்லயே. சேர்ச்சில மூண்டு ஞாயிறும் கலியாண ஓலை வாசிச்சாச்சி. நீங்க அவரக் கண்டீங்களா?"

"ஆர் புள்ள மாப்பிள்ளை?"

"அழகரெத்தினம் மாஸ்டர்."

கலியாணமான நாள்முதல் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. அதைக் கேட்க நான் இவ்வளவு கிழவனாக வேண்டியிருந்தது.

நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "சாராளுக்குத் தொண்ணூறு வயதில் பிள்ளை கொடுத்தீரே. நான் பிள்ளையா கேட்கிறேன்? ஒரேயொரு தரம் இவள் என்னை அடையாளம் கண்டு 'இஞ்சப் பாருங்க' என்றால் போதும். எங்களை மறந்துவிட்டீரா?" என்று தினமும் முழங்காலில் நின்று கேட்டேன்.

ஒருநாள் மருதமுனையிலிருந்து மீராமுகைதீன் சைக்கிளில் புடவை விற்கப் பொட்டணியோடு வந்தான். என்னிடம் படித்தவன்.

"நல்ல சாறியா ஒண்டு எடு. கலியாணத்துக்கு."

"இந்த வயசில ஆருக்கு மாஸ்டர் கலியாணம்?"

"எனக்குத்தான்."

விழுந்து விழுந்து சிரித்தான். படலையடியில் பூவோடு நின்றவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. பொட்டணியின் அடிவரை கிண்டி, அரக்குக் கரை போட்ட வெள்ளைச் சாறி ஒன்றை எடுத்தான்.

"அல்லாஹ் உங்க ரெண்டு பேருக்கும் றஹ்மத் செய்யட்டும், மாஸ்டர்" என்றான்.

சாறியைக் கையில் கொடுத்தால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"அவர் குடுத்து விட்டவரா, ஐயா?"

"ஓம் புள்ள."

"எனக்குத் தெரியும். ஆரென்ன கதைச்சாலும் நான் நம்பித்தான் இருந்தன். ஆண்டவருக்கு முன்னால சொல் குடுத்தவர், கைவிட மாட்டார்."

ஆண்டவர் எங்களை மறந்துவிட்டார் என்று நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை மாதமும், இவள் பூச்சூடி நின்றது எனக்காகத்தானே. இந்தக் கிழவயதில் இப்படி ஆசையோடு எதிர்பார்க்கப்படுகிற மாப்பிள்ளை இந்த ஊரில் வேறு யார் இருக்கிறான்? கேட்டதை அவர் தரவில்லை. தந்திருப்பதைத்தான் நான் பார்க்கவில்லை. கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. அந்நியக் கிழவன் எப்படிக் கட்டிப்பிடிப்பது? நின்ற இடத்திலேயே அழுதேன்.

"அழாதீங்க ஐயா" என்றாள். "நீங்களும் கட்டாயம் கலியாணத்துக்கு வரவேணும்."

"ஓம் புள்ள" என்றேன். "வராம இருப்பனா?"