வெர்னா வீட்டுப் பத்தாவது பூச்சி

இண்டியானாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில், ஆகஸ்ட் பிறந்தால் ஃப்ரீசரைத் திறக்கவே பயமாக இருக்கும். ஐஸ்கிரீம் டப்பா என்று நம்பி எடுத்தால் உள்ளே குளவி விறைத்துக் கிடக்கும். உயிரியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் பத்து வகைப் பூச்சி பிடித்துப் பெட்டியில் வைத்துக் காட்ட வேண்டும். பிடித்த பூச்சியை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, மறுநாள் ஊசியில் குத்துவதுதான் ஊர் வழக்கம். வெர்னா மட்டும் மகளுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பூச்சி டப்பா கீழ்த் தட்டில், அவள் சுடும் ஆப்பிள் பை என்ற பழப் பலகாரத்துக்கான மாவு மேல் தட்டில்.

மகள் லோர்னா வாலிபால், வாலிபால் என்று திரிந்துவிட்டு அக்டோபரில்தான் பூச்சி வலையைத் தொட்டாள். தும்பி, வண்டு, வெட்டுக்கிளி என்று ஒன்பது வகை தேறியது. பத்தாவதைத் தேடுவதற்குள் முதல் உறைபனி விழுந்து, வயலில் ஒரு கொசுகூட மிச்சமில்லை. பத்து வகை இல்லாவிட்டால் உயிரியலில் ஃபெயில். ஃபெயிலானால் வாலிபால் அணியில் இடமில்லை. சனிக்கிழமை அரையிறுதி. அதற்கு முன், நாளைக்கே மாலை ஆறு மணிக்குப் பள்ளியில் பெட்டிகளைக் காட்சிக்கு வைக்க வேண்டும். கொட்டகை, விறகுக் குவியல், நாய்ப் படுக்கை எல்லாவற்றையும் கிளறிவிட்டு வந்து சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகைதான் வந்தது.

அப்போதுதான் வெர்னா ஃப்ரிட்ஜைத் தள்ளி அதன் பின்னால் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று செருப்பைக் கழற்றினாள். லோர்னா நிமிர்ந்து பார்த்து, ஒரே பாய்ச்சலில் ஜாம் பாட்டிலைக் கவிழ்த்தாள். உள்ளே ஒரு கரப்பான்பூச்சி. சின்னது, பழுப்பு, உயிரோடு.

"பத்து!" என்றாள் லோர்னா.

வெர்னாவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் சமையலறைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று ஊரே சொல்லும். அதே மாலை அதே பள்ளியில், அணிக்குச் சீருடை வாங்க நடக்கும் விற்பனையில், அவள் எட்டு ஆப்பிள் பை வைக்கிறாள். பூச்சிப் பெட்டிகளுக்கு எதிர் மேஜையில்.

ஒவ்வொரு பூச்சியின் கீழும் பிடித்த தேதி, இடம், பிடித்தவர் பெயர் எழுத வேண்டும். லேபிளில் பொய் இருந்தால் பெட்டி முழுவதற்கும் பூஜ்யம் என்று உயிரியல் ஆசிரியர் ப்ரூபேக்கர் சார் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"கொட்டகைன்னு எழுதுடி," என்றாள் வெர்னா. "யாருக்குத் தெரியப்போகுது?"

லோர்னாவுக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டகை என்றே எழுதினாள்.

மறுநாள் மாலை ப்ரூபேக்கர் சார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக வந்தார். முப்பது வருஷமாகப் பூச்சியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷர். லோர்னாவின் பெட்டியில் பத்தாவது ஊசியருகே நின்றுவிட்டார்.

"லோர்னா, முந்தாநாள் உறைபனி. இந்த ஜாதி கதகதப்பான வீட்டுக்குள்ளதான் பிழைக்கும். இது கொட்டகையில எப்படி வந்துச்சு?"

கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். உண்மையைச் சொன்னால் அம்மா மானம் போகும், சொல்லாவிட்டால் பெட்டி போகும். லோர்னா எதிர் மேஜையைப் பார்த்தாள். வெர்னாவின் ஆப்பிள் பையை வாங்க ஆர்டித் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். சர்ச்சில் வெர்னாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி.

வெர்னா கையிலிருந்த பை டப்பாவைக் கீழே வைத்தாள். நேராக வந்து சாரின் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"எழுதச் சொன்னது நான். அவ மேல தப்பில்ல சார். இது என் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால கிடந்துது," என்றாள், எல்லா மேஜைக்கும் கேட்கும்படி. கொட்டகை என்பதை அடித்துவிட்டு, பை டப்பாக்களில் எழுதும் அதே அழகான கையெழுத்தில் எழுதினாள்: வெர்னா ஹோஸ்டெட்லரின் சமையலறை.

சார் லேபிளைப் படித்துவிட்டு, திருத்தியதற்கு ஐந்து மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டு மீதியைப் போட்டார். லோர்னா பாஸ். ஆர்டித் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பிரௌனி கேக் இருந்த மேஜைக்கு நகர்ந்துவிட்டாள். எட்டு பையில் ஏழு வீட்டுக்குத் திரும்பி வந்தன. விற்ற ஒன்றும் சார் வாங்கியதுதான். காரில் லோர்னா மன்னிப்புக் கேட்டாள். பெல்ட்டைப் போடு என்றாள் வெர்னா.

காலையில் போன் அடித்தது. ஆர்டித். புருஷன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, கரப்பானுக்கு என்ன மருந்து வைத்தாய் என்று கேட்டாள். வெர்னா மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள், எங்கெங்கே வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"சரி, உனக்கு எத்தனை பை எடுத்து வைக்கட்டும்?"

"ரெண்டு," என்றாள் ஆர்டித்.