அடிக்கத் தெரியாத கட்டு

லிஃப்ட் மெக்கானிக்கின் வலது கை நசுங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே இருந்த கூட்டாளி ஒரு குரல் கொடுத்துப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டான். விரல்கள் ஐந்தும் தப்பின. ஆனால் இரண்டு மடங்குவதில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களை அவர் வாசலோடு அனுப்பினார். கூட்டாளி அடிக்கடி போன் செய்தான். அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார், எடுக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவருக்குக் கதவு திறந்தது. அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். மருந்துக்கடையில் வேலை. வந்தால் நலம் விசாரிக்க மாட்டார், கையைப் பார்க்க மாட்டார். நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போய், அங்கேயே வைத்திருக்கும் ஒரு பெட்டியைத் திறப்பார். உள்ளே சூப்பர்ஹீரோ கார்டு விளையாட்டு.

ஒருவரை ஒருவர் தோற்கடிக்கிற ஆட்டம் இல்லை அது. ஆளுக்கொரு ஹீரோவை எடுத்துக்கொண்டு, அவனுக்குத் தோதான நாற்பது கார்டுகளைப் பொறுக்கிக் கட்டு சேர்க்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே வில்லனை அடிக்க வேண்டும். ஜெயித்தால் இருவருக்கும் வெற்றி, தோற்றால் இருவருக்கும் தோல்வி. கரும்புயல் என்ற வில்லனிடம் அவர்கள் பதினோரு வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக்குக்கு அது பொறுக்கவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், இரண்டு கட்டுகளையும் மேஜையில் பரப்பினார். நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கார்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கட்டில் பாதிக்குமேல் குத்து, உதை, இடி. கற்சுவர் என்ற அவருடைய ஹீரோ ஆட்டம் பாதி போவதற்குள் ஏன் சாகிறான் என்று புரிந்தது. சகலையின் கட்டைப் பார்த்ததும்தான் முகம் சுருங்கியது. நாற்பதில் ஒரு கார்டுகூட வில்லனை அடிக்கிற கார்டு இல்லை. காயம் ஆற்ற, கேடயம் பிடிக்க, கூட ஆடுபவருக்குக் கூடுதல் கார்டு கொடுக்க. எல்லாமே இவருக்காக.

ஞாயிற்றுக்கிழமை சகலை உட்கார்ந்த உடனேயே மெக்கானிக் கேட்டுவிட்டார்.

"உன் கட்டை முழுக்கப் பார்த்தேன். என்னை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டா இத்தனை நாள் விளையாடினே?"

சகலை கார்டுகளின் ஓரங்களைத் தட்டித் தட்டி நேராக்கினார்.

"அதில்லைங்க. அடிக்கிற கார்டு கையில இருந்தா, தப்பான நேரத்துல போட்டுருவேனோன்னு பயம்."

விளையாட்டில் என்ன பயம் என்றார் மெக்கானிக். அப்புறம்தான் மெல்ல மெல்ல வந்தது. விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து, சகலை ஒரு அம்மாவுக்கு இரண்டு மடங்கு வீரியமுள்ள மாத்திரையைக் கொடுத்துவிட்டார். பெட்டியின் நிறம் வேறாக இருக்கிறதே என்று அந்த அம்மா சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே நீட்டினார். அன்றிலிருந்து சகலைக்கு ஒரு மாத்திரை அட்டையை நாலு தடவை பார்க்காமல் கொடுக்க முடியவில்லை. வரிசை வாசல்வரை நீண்டது. அவரே முதலாளியிடம் கேட்டு உள்ளே சரக்கறைக்குப் போய்விட்டார்.

"வீட்ல இன்னும் சொல்லலை. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? ஒருத்தன் சரியாப் பார்க்காம விட்டுத்தான் உங்க கை இப்படி ஆச்சு. நானும் அவனை மாதிரிதான்."

மெக்கானிக்குக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த அம்மா நிறத்தைக் கவனிக்காமல் இருந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் எதிரே இருந்த மனிதர் அந்தக் கேள்வியை நூறு தடவை தன்னையே கேட்டுக்கொண்டவராகத் தெரிந்தார்.

"அந்தம்மா இப்பவும் கடைக்கு வர்றாங்களா?"

"மாசாமாசம். என்னைத்தான் எங்கேன்னு கேக்குறாங்களாம். நான் வெளியே வர்றதில்லை."

மெக்கானிக் இரண்டு கட்டுகளையும் இடது கையால் நடுவே தள்ளினார். "பிரிச்சுப் போடு. இனிமே தனித்தனியா யோசிக்க வேணாம்."

இரண்டரை மணி நேரம் ஆனது. கற்சுவரின் குத்துகளையெல்லாம் மெக்கானிக் எடுத்து வீசினார். அவன் வேலை அடி வாங்குவது மட்டும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சக்தி வில்லை, வட்டமான அட்டை டோக்கன், சேரும். அந்த வில்லைகளை அடுத்தவருக்குக் கைமாற்றும் கார்டு மூன்று வைத்தார். சகலையின் ஹீரோ மின்னல்காரிக்கு, வில்லை பெருகப் பெருக வலுக்கும் அடிகளைச் சேர்த்தார்கள். கேடயங்களை அடியோடு எடுக்கச் சகலைக்கு மனம் வரவில்லை. ஆறு இருந்தால் போதும், ஆறும் சரியான சுற்றில் வந்தால் போதும் என்று பேசி முடித்தார்கள். தனியாகப் பார்த்தால் இரண்டு கட்டுமே உருப்படாதவை. சேர்த்து வைத்தால் ஓடும்போல் இருந்தது.

முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவதில் கரும்புயலுக்கு ஒன்பது உயிர் மிச்சம் இருந்தபோது கற்சுவர் சாகக் கிடந்தான். கடைசி அடி சகலையின் கையில். அவர் கார்டைப் படித்தார், வில்லைகளை எண்ணினார், மறுபடி படித்தார்.

"நிதானமாப் பாரு," என்றார் மெக்கானிக். "நான் எங்கேயும் போகலை."

சகலை நாலாவது முறையும் பார்த்துவிட்டுத்தான் போட்டார். கணக்கு சரியாக இருந்தது. இருவரும் கத்தவில்லை. சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

அந்த வாரமே மெக்கானிக் கூட்டாளியின் போனை எடுத்தார். அந்தப் பக்கம் ஹலோவுக்கு மேல் பேச்சு எழவில்லை. சாப்பிட்டாயா என்று இவர் கேட்டார், சாப்பிட்டேன் என்றான், அவ்வளவுதான். மனதில் இருந்த கசப்பு ஒரே போனில் போய்விடவில்லை. ஆனால் அடுத்த வாரமும் எடுத்தார்.

ஜெயித்த அன்றைக்கே சகலை வீட்டில் சொன்னார். தவறு செய்ததற்குத் திட்டாத மனைவி, மூன்று மாதம் மறைத்ததற்குத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் அவர் முதலாளியிடம் போய், தான் எடுக்கும் மருந்தைக் கவுண்டரில் நிற்கும் பெண் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினால் மறுபடி முன்னால் நிற்பதாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கும் தான் எடுப்பதை யாராவது பார்த்தால் தேவலை என்று இருந்ததாம், கேட்கக் கூச்சமாம். இப்போது இருவரும் மாறி மாறிப் படிக்கிறார்கள். வரிசை சற்று மெதுவாகத்தான் நகர்கிறது, யாரும் குறை சொல்லவில்லை.