மாறனுக்கு ஒரு பூசை

ஜெசிகா கமெண்டுகளைத் திறந்தாள். அவள் எழுதும் 'ஓநாய்க் கரை' தொடரின் கடைசி அத்தியாயம் ஞாயிறு சாயங்காலம் கதை ஆப்பில் ஏற வேண்டும். அதற்குள் ஊரே கூடி மாறனுக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்தது. "இந்தப் பௌர்ணமிக்கு மாறன் காலி" என்றாள் அடையாறு லாவண்யா. "அவன அவங்க நைனாவே சுட்டுருவாரு மச்சி, எழுதி வச்சுக்கோ" என்றான் ஆசிஃப். அதற்கு லைக்கான லைக். பாவிகள், கரெக்டாகத்தான் சொன்னார்கள். அவள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள்.

நிலா வந்தால் ஓநாயாகிவிடும் இந்த மாறன் வேறு யாருமில்லை, அவள் அண்ணன் ஆஸ்டின்தான். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு, சினிமா எடுக்கிறேன் என்று கோடம்பாக்கம் போனவன். "இனிமே இந்த வீட்ல அவன் பேரு கேக்கக் கூடாது" என்றார் அப்பா லியோனார்ட். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சொன்னால் சொன்னதுதான். ஆஸ்டினும் வீம்புக்காரன், தங்கச்சி போனைக்கூட எடுப்பதில்லை. இரண்டு பேர் மேலும் வந்த ஆத்திரத்தில்தான் ஜெசிகா புனைபெயரில் இந்தக் கதையைத் தொடங்கினாள். இது அப்பா கண்ணில் பட்டால்?

ஞாயிறு காலை, பெசன்ட் நகர் மாதா கோயில். யார் யாருக்காக இன்றைய பூசை என்று சான்ட்ரா டீச்சர் மைக்கில் வாசித்தார். "ஜாஸ்பர் தேர்வில் வெற்றி பெற... மாறன் உயிர் பிழைத்து வீடு திரும்ப..."

ஜெசிகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா வேலையா இது?

"யாருடி அந்த மாறன்? ஆஸ்பத்திரில கெடக்குறானோ, பாவம்" என்று அம்மா மர்சலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"...வேண்டுபவர் லியோனார்ட்."

அப்பா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

பூசை முடிந்து, வெளியே செருப்பு மாட்டும்போது அவர் மெல்லக் கேட்டார். "இன்னிக்கு அவனச் சுட்டுருவியா?"

"அப்பா... நான்தான் எழுதுறேன்னு எப்படி..."

"அந்த அப்பன் பேசுறதெல்லாம் நான் வீட்ல பேசுனதாச்சே." செருப்பு வாரை இழுத்து மாட்டினார். "கமெண்டுல எல்லாரும் அப்பன் சுடுவான்னே போடுறாங்க. சுட மாட்டான்னு நான் ஒருத்தன்தான் போட்டேன். ஒரு லைக்கு கூட வரல."

"அதுக்காக மாறன் பேர்ல பூசையாப்பா?"

"பூசைக்கு எழுதிக் குடுக்க உன் அண்ணன் பேரச் சொல்லத்தான் போனேன். வாய் வரல. நான் போட்ட சட்டமாச்சே."

ஜெசிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கூப்புட்டா எடுக்க மாட்டான். நீங்க போடுங்கப்பா."

நம்பரை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மனப்பாடமாக அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டானோ? ஜெசிகா அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மணி நின்றது. எதிர்முனையில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

அப்பா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"ஆஸ்டினு" என்றார்.