ஆம்ப்ளிஃபையர் வேண்டாம் என்றவன்

1

இந்தக் கதை நான் ஒரு சண்டையில் ஜெயித்ததால் வந்தது. தோற்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எழுத வேண்டிய தேவையும் வந்திருக்காது.

சண்டை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று இருக்கிறது. அதை ஃபோனில் நேராகச் செருகிக் கேட்டால் போதுமா, நடுவில் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா? அவ்வளவுதான். இதற்கெல்லாமா ஒரு கதை என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கதையில் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் ஆபரேட்டர், முப்பத்தாறு வருஷம் சினிமாத் தியேட்டரில் படம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவன் வயர்மேன். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன், ஆபரேட்டரின் தங்கையைக் கட்டியவன். அந்த வயர்மேன் நான்தான். ‘நான்’ என்று போட்டு இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவையும் நல்லவனாக வந்து நின்றேன். கிழித்துப் போட்டேன். இனி வயர்மேன் என்றே எழுதுகிறேன். அடுத்தவனைத் திட்டும்போது எனக்கு நாக்கு கூசாது.

2

முதல் வரி அமையவில்லை. எழுதிப் பாதியில் விட்டதை அப்படியே வைக்கிறேன். மறைத்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

அன்று காலை வானம் இருண்டு— (வானத்தை யார் பார்த்தது? வயர்மேன் குனிந்த தலை நிமிராமல் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.)

விதி என்பது மனிதனை— (விதியை இழுத்தால் வயர்மேன் தப்பித்துவிடுவான்.)

ஏமாற்றுக்காரர்கள் கடை விரித்திருக்கும் இந்த உலகத்தில்— (இந்த வரியில் தொடங்கி மூன்று பக்கம் எழுதினேன். அதில் ஹெட்ஃபோன் கடைக்காரன்தான் வில்லன். அந்த மூன்று பக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விட முடியாது.)

சரி, இப்படியே தொடங்குவோம். ஆபரேட்டர் பட்டறைக்குள் நுழைந்தபோது கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வாங்கி அனுப்பியது. காதை முழுசாக மூடிக்கொள்ளும், ஒவ்வொரு பக்கமும் ஒரு கிண்ணம் அளவு. அது வந்த ஒரு மாதமாக மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. ஐம்பது வருஷமாகக் கேட்ட பாட்டில் பின்னால் ஒருத்தன் மெல்ல இருமுகிறான் என்று கண்டுபிடித்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று முகம் வாடியிருந்தது.

“மாப்ள, இடது பக்கம் கம்மியாக் கேக்குது.”

“எப்பலேர்ந்து?”

“நேத்து காலையிலேர்ந்து. பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு. உய்ன்னு ஒரு சத்தம் வேற. கடையில போய்க் காட்டினேன். தனியா ஆம்ப் போட்டுப் பாக்கச் சொல்றான்.”

வயர்மேன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “ஆரம்பிச்சுட்டானா? மச்சான், உங்களை மாதிரி ஆள் தலையில கட்டுறதுக்குன்னே ஒரு டப்பா வெச்சிருப்பானுங்க. உய்ன்னு வர்றது ஹம், கரண்ட் இரைச்சல். சார்ஜரை மாட்டிக்கிட்டே கேட்டிருப்பீங்க.”

“அப்படியா சொல்ற?”

“வேற எப்படிச் சொல்றது?”

ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் அந்த உய் சத்தம் வருகிறதா என்று வயர்மேன் கேட்கவில்லை.*

* நான் கேட்கவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் வயர்மேன் தலையில் கட்ட மனசு வரவில்லை.

3

ஆபரேட்டரின் காதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வயர்மேனை வெறும் முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவன் முட்டாளாக இருந்திருந்தால் இவ்வளவு கெடுதல் நடந்திருக்காது.

தியேட்டரில் வயரிங் வேலை பூராவும் வயர்மேனுடையது. ஒருநாள் நிறைந்த கூட்டத்தில் படம் ஓடுகிறது. ஆபரேட்டர் பின்கதவுப் பக்கம் வந்து நின்று, தலையை லேசாகச் சாய்த்து, “இடது சுவர், மூணாவது ஸ்பீக்கர். காகிதம் கிழிஞ்சிருக்கு” என்றார். வயர்மேன் நம்பவில்லை. அவன் யாரையும் நம்பமாட்டான். ஆட்டம் முடிந்ததும் ஏணி போட்டு ஏறி, திருகைக் கழற்றிப் பார்த்தான். விரல் நகம் அளவுக்குக் கிழிசல். அதற்குப் பிறகும் ஏழெட்டுத் தடவை ஏறினான். ஏழெட்டுத் தடவையும் வாயை மூடிக்கொண்டு இறங்கினான். உலகத்தில் வயர்மேன் பரிசோதிக்காமல் நம்பிய ஒரே பொருள் மச்சானின் காது.

ஆகவே ‘இடது பக்கம் கம்மி’ என்று அந்த வாய் சொன்னபோது, கோளாறு வேறு எங்காவதுதான் இருக்க வேண்டும்.

மீட்டரை எடுத்தான். ஹெட்ஃபோன் பின்னின் நுனியில் ஒரு முள், அடியில் ஒரு முள். முப்பத்தொன்று. நடு வளையத்தில் வைத்தான். முப்பத்தொன்று.

“பாத்தீங்களா மச்சான். அட்டையில முப்பத்திரண்டு ஓம்ஸ்னு போட்டிருக்கு, மீட்டரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லுது. முந்நூறு ஓம்ஸ் ஹெட்ஃபோன்னு ஒண்ணு இருக்கு. அதைத் தள்ள ஃபோனுக்கு மூச்சு வாங்கும். அதுக்கு ஆம்ப் வேணும், நானே வாங்கச் சொல்லுவேன். இதுக்கு எதுக்கு? வாளித் தண்ணி இறைக்கப் பத்து ஹெச்.பி. மோட்டாரா? ரெண்டு பக்கமும் ஒண்ணு போலக் காட்டுது. பொருள் சுத்தம். கடைக்காரன்தான் கோளாறு.”

ஆபரேட்டர் சிரித்தார். “அப்ப பாட்டுலதான் ஏதோ கோளாறு போல.”

இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

‘ரெண்டு பக்கமும் ஒண்ணு போலக் காட்டுது.’ இது வயர்மேனின் வாயிலிருந்தே வந்தது. பொருளில் இரண்டு பக்கமும் சமம். கேட்பவருக்கு ஒரு பக்கம் கம்மி. அப்படியானால் குறை எங்கே? பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடச் சொல்லிவிடும். பட்டறையில் ஒரு மோட்டார் தன் மூன்று வயரில் ஒன்றில் மட்டும் அதிகக் கரண்ட் இழுத்தால் வயர்மேன் முதலில் என்ன செய்வான் தெரியுமா? மூன்று வயரையும் இடம் மாற்றிப் போடுவான். கோளாறு மோட்டார் வயரோடு நகர்ந்தால் குறை மோட்டாரில். நகராமல் அங்கேயே நின்றால் குறை கரண்ட் வருகிற லைனில். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று ஹெட்ஃபோனைத் திருப்பி, இடது கிண்ணத்தை வலது காதில் மாட்டச் சொல்லியிருந்தால் போதும். ஒரு மூச்சு விடுகிற நேரம்.

செய்யவில்லை. ஜெயித்துவிட்டான் அல்லவா, அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

4

கடைக்காரனுக்கு வருவோம்.

கிழித்த மூன்று பக்கத்தில் அவனுக்கு ஒரு தங்கப் பல் வைத்திருந்தேன். பேசும்போது கையைத் தேய்த்துக்கொள்வான். “தனி ஆம்ப் இல்லாம இதுல ஒண்ணுமே கேக்காது சார்” என்று இளிப்பான். வாசிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அவனுக்குத் தங்கப் பல் கிடையாது. கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற ஆள். நடந்ததை எழுதுகிறேன்.

நான்காம் நாள். இடது பக்கம் இன்னும் சரியாகவில்லை என்று ஆபரேட்டர் சொன்னதும் வயர்மேனுக்குக் கோபம் ஏறியது. மீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனான்.

“ஏன்ப்பா, முப்பத்திரண்டு ஓம்ஸுக்கு ஆம்ப் எதுக்கு? யாருக்குக் காது குத்துற?”

“உக்காருங்க ஐயா. நீங்க சொல்றது சரிதான். இந்த மாடலுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.”

“அப்புறம்?”

“அவர் கம்மியா இருக்குன்னு சொன்னார். வித்துட்டேனா? சும்மா எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் வெச்சுப் பாருங்கன்னுதான் சொன்னேன். அதை மாட்டியும் இடது பக்கம் கம்மின்னா, பொருள்ல குறை இல்ல. காது டாக்டர்கிட்டக் காட்டணும். அதையும் அவர்கிட்டச் சொல்ல வந்தேன், அதுக்குள்ள கிளம்பிட்டார். நீங்க சொல்லிடுங்க. தள்ளிப் போடாம காட்டச் சொல்லுங்க.”

“யார் காதைச் சொல்ற நீ? அந்தக் காது எப்படிப்பட்ட காதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாதுங்க. அதனாலதான் காட்டச் சொல்றேன்.”

வயர்மேன் விறுவிறுவென்று ஆபரேட்டர் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான். “தேவைப்படாதுன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், மச்சான்!”

கடைக்காரன் சொன்னதில் முதல் பாதியைக் கொண்டு வந்து சேர்த்தான். அடுத்த பாதியை வழியிலேயே விட்டுவிட்டான். மறந்துவிட்டான் என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை. அதைச் சொன்னால் ஜெயித்தது பாதியாகிவிடும் என்று பட்டது.

5

பத்தொன்பதாம் நாள் வயர்மேனின் மனைவி கண்டுபிடித்தாள். அவளுக்கு ஓம்ஸ் தெரியாது.

ஆபரேட்டர் அன்று மதியம் சாப்பிட வந்திருந்தார். அவள் அவருடைய இடது பக்கம் நின்று, “அண்ணே, இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்றாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயர்மேன் கடைக்காரனைப் பற்றி ஏதோ நக்கலடித்துக்கொண்டிருந்தான். அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போய், அண்ணனின் பையிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்து வந்தாள்.

“அண்ணே, இதைத் திருப்பி மாட்டு. இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம்.”

“எதுக்கும்மா?”

“மாட்டு, சொல்றேன்.”

மாட்டினார். பாட்டை ஓடவிட்டாள்.

“எந்தப் பக்கம் கம்மி?”

“இடது பக்கந்தான்... இப்பவும் இடது பக்கந்தான் கம்மி.” சொல்லிவிட்டு வயர்மேனைப் பார்த்தார். தியேட்டரில் படம் நடுவில் அறுந்தால், மேலேயிருந்து சின்னச் சன்னல் வழியாக அப்படித்தான் பார்ப்பார்.

வயர்மேனின் கையில் சோறு காய்ந்தது.

காது டாக்டர் ஓர் அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். பிறகு சொன்னார்: “திடீர்னு நரம்பு பலவீனமாகி வர்ற குறை இது. முதல் சில நாள்லயே வந்திருந்தா மருந்துக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம். கண்டிப்பாத் திரும்பியிருக்கும்னு சொல்ல மாட்டேன். இப்பவும் மருந்து தர்றேன், பாப்போம்.”

பார்த்தோம். திரும்பவில்லை.

6

முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. வயர்மேன் கடையிலிருந்து ஆம்பை வாங்கிக்கொண்டு வருகிறான். மாட்டிப் பார்க்கிறார்கள். இடது பக்கம் கம்மியாகவே இருக்கிறது. ஏழாம் நாள் டாக்டர். மருந்து. காது திரும்புகிறது. (இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் தேவையே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் தேவையில்லாத அந்த டப்பாவை வாங்கி வந்திருந்தால் தேவையான காது மிஞ்சியிருக்கலாம். சரியாகச் சொன்னவனால் கெட்டது. இதை எந்த மீட்டரில் வைத்து அளப்பது?)

இரண்டு. எப்போது போயிருந்தாலும் அந்தக் காது போயிருக்கும். டாக்டரே உறுதி சொல்லவில்லையே. வயர்மேன் மேல் குற்றம் இல்லை. (மூன்றிலும் எனக்கு இதுதான் பிடிக்கிறது. அதனாலேயே இதை நம்பவில்லை.)

மூன்று. வயர்மேன் எல்லாவற்றையும் மச்சானிடம் சொல்லிவிடுகிறான்.

இது நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை. ஆபரேட்டர் வீட்டு முன்னறையில், சன்னலைப் பார்த்து அவருடைய சாய்வு நாற்காலி. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளாஸ்டிக் நாற்காலி. வயர்மேன் உட்கார்ந்தான். மீட்டரைச் சொன்னான். திருப்பி மாட்டாமல் விட்டதைச் சொன்னான். கடைக்காரன் சொல்லி அனுப்பிய அடுத்த பாதியையும் சொன்னான். ஒன்றுவிடாமல் சொன்னான்.

இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்.

தெரிந்துதான் உட்கார்ந்தான்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இப்போதெல்லாம் இடது பக்கம் யாராவது வாயசைப்பது தெரிந்தாலே, ஆபரேட்டர் உடனே தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பார். தபால்காரருக்கும் திருப்புவார், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் திருப்புவார். அன்று வயர்மேன் அவ்வளவு நேரம் பேசியும் திருப்பவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “டீ ஆறிப்போச்சு பாரு, மாப்ள” என்றார்.

7

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், சொல்லிவிட்டேன் என்று.

“எந்தப் பக்கம் உக்காந்து?” என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

“அவர் கண்ணு நல்லாத்தானே இருக்கு? எழுதிக் குடுங்க.”

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். முதல் பக்கத்தில் வேறு காரணம் சொல்லியிருந்தேன். அதுவும் பொய்யில்லை, பாதி.

இவ்வளவு தூரம் ‘நீங்கள்’ ‘நீங்கள்’ என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். மச்சான், உங்களைத்தான். வயர்மேனும் போதும், இனி நான்தான். இந்த நோட்டை முதலில் உங்கள் கையில்தான் கொடுக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் வேறு யார் கைக்கும் போகாது.

மூன்று முடிவில் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அன்று கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்று நானாக எழுத மாட்டேன். உங்கள் காது விஷயத்தில் ஒரு தடவை நானாக முடிவு கட்டியது போதும். அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். எழுதினாலும் சரி, கிழித்தாலும் சரி.

படித்து முடித்ததும் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. வலது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.