குன்றுக்கு அடியில் ஓடும் ரக்னா

விஸ்கான்சினின் மேற்கு மூலையில், லிண்ட்விக் பண்ணைக்கு மேலே பாறையிடுக்கில் பிறக்கிற ஓடை முக்கால் மைல் துள்ளி ஓடிவிட்டு, ஒரு சுண்ணாம்புப் பாறைக் குழிக்குள் விழுந்து மறைந்துவிடும். குன்றைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் ஸ்கோகன் பண்ணையில் ஓர் ஊற்று பொங்கும். அதிலிருந்து கிளம்பும் ஓடை ஒன்பது மைல் போய் ஆற்றில் சேரும். மேலே இருப்பது ரக்னா ஓடை, கீழே இருப்பது ஸ்கோகன் ஓடை. தண்ணீர் யார் நிலத்தில் பிறக்கிறதோ அவர்கள் வைப்பதே பெயர் என்பது நார்வேயிலிருந்து வந்த எங்கள் தாத்தாமார் ஏற்படுத்திய வழக்கம். அதற்கு முன்பு அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று அவர்கள் கேட்டுவைக்கவில்லை.

நான் இரண்டு பண்ணைகளிலும் பால் கேன்களை லாரியில் ஏற்றுகிறவன். அந்த வசந்தத்தில் வரைபடம் எடுக்க அரசு ஆள் ஒருவர் வந்திருந்தார்.

"ஒரு மைலுக்குக் குறைஞ்ச ஓடைக்குப் பேர் எழுத மாட்டோம்மா" என்று ஓர்ஃபா லிண்ட்விக்கிடம் சொன்னார். மறுநாள் அவர் கிளம்பிவிடுவார்.

ரக்னா ஓர்ஃபாவின் தாய். அவளை அந்த ஓடைக் கரையில்தான் புதைத்தார்கள். கல்லறைக்கல் கிடையாது. அவள் பெயர் மிச்சமிருந்தது ஓடையில் மட்டும்.

ஓர்ஃபா வாதாடவில்லை. மறுநாள் காலை, ஆறு மூட்டை ஓட்ஸ் உமியை என் லாரியில் ஏற்றிவந்து அந்தக் குழிக்குள் கொட்டினாள். பிறகு வரைபடக்காரரையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஸ்கோகன் ஊற்றுக்குப் போய் நின்றோம். ஐனார் ஸ்கோகன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி வந்தார்.

"என்ன ஓர்ஃபா, என் ஊத்துல கஞ்சி காய்ச்சப் போறியா?"

"பேசாம தண்ணியப் பாரு ஐனார்."

"குன்னுக்கு அடியில ஓடுதாம்! உங்க வீட்டுல காபி ரொம்ப ஸ்ட்ராங்கோ?"

நான்கு மணி நேரம் போனது. வரைபடக்காரர் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். முதலில் ஓர் உமி மிதந்து வந்தது. அப்புறம் கைப்பிடி கைப்பிடியாக. கடைசியில் ஊற்றின் வாயே மஞ்சளாகிவிட்டது. பத்தொன்பது வருஷம் அந்தக் குன்றின்மேல் வண்டி ஓட்டியிருக்கிறேன். என் சக்கரங்களுக்குக் கீழே இருட்டில் ஓர் ஓடை போய்க்கொண்டிருந்திருக்கிறது!

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"காலைல எங்க ஓடை கலங்கினா மத்தியானம் இதுவும் கலங்கும். முப்பது வருஷமா பாக்குறேன்."

வரைபடக்காரர் பென்சிலை எடுத்தார். "ஒரே ஓடைதான், ஒத்துக்குறேன். அப்ப ஒரே பேர்தான். நீளமான பகுதி ஸ்கோகன், அதையே எழுதிடறேன்."

ஓர்ஃபாவின் முகம் வெளுத்துப்போனது. இதை அவள் யோசிக்கவேயில்லை.

ஐனார் குனிந்து ஒரு கை உமியை அள்ளினார். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறக்குற எடத்துப் பேர்தான் எங்க வழக்கம் சார். இது எங்க பொறக்குதுன்னு எங்க தாத்தாவுக்குத் தெரியாமப் போச்சு. ரக்னான்னு எழுதுங்க. ஆத்துல சேர்ற வரைக்கும்."

ஓர்ஃபா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஐனார். "இனிமே வெள்ளத்துல என் வேலி போச்சுன்னா, உங்கம்மா ஓடைதான் இழுத்துட்டுப் போச்சுன்னு உன் வாசல்ல வந்து நின்னு கத்துவேன்."

"வந்து கத்து. சுத்தியலும் ஆணியும் நானே எடுத்துட்டு வரேன்."